175 பகல், 175 இரவு கேட்ட பாட்டு!

ஒரு மனிதன் தன் ஆயுளில் எத்தனை கச்சேரி கேட்க முடியும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 20 கச்சேரி என்று வைத்துக் கொள்வோம். 70 ஆண்டுகளில் 1,400 கச்சேரி ஆகிறது. ஒரு கச்சேரிக்கு 3 மணி நேரம். ஆக மொத்தம் 4,200 மணி நேரம்!

அதாவது 175 பகலும் 175 இரவும் தூங்காமல், சாப்பிடாமல், பாட்டு மட்டுமே கேட்டதற்குச் சமம்.

இப்படிக் கேட்டவர்கள் தமிழ்நாட்டில் ஏராளமாக இருந்தார்கள். சிலர் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பணக்காரர்களா? இல்லை. சங்கீதம் படித்தவர்களா? அதுவும் இல்லை. மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர்கள், தறி நெய்தவர்கள், வாத்தியார்கள், வண்டிக்காரர்கள். அவர்களில் பலர் தங்கள் பணத்தில் டிக்கெட் வாங்கியது மிகக் குறைவு.

பிறகு எப்படிக் கேட்டார்கள்?

கும்பகோணம் பக்கத்தில் 1932-ம் ஆண்டு பிறந்த ஒரு பெரியவரை நினைத்துக் கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அவர் ஒருவர் அல்ல, பலர்.

தேரடியில் தொடங்கிய பாடம்

அவருடைய முதல் கச்சேரிக்கு மண்டபம் இல்லை, மேடை இல்லை. கோவில் திருவிழாதான் கச்சேரி. தெருதான் மண்டபம்.

இரவு சாமி புறப்படும்போது நாயனக்காரர் மல்லாரி வாசிப்பார். அதில் பாட்டுச் சொற்கள் கிடையாது. தவிலும் நாயனமும் சேர்ந்து நடை போடும். அது காதில் விழுந்தால், "சாமி புறப்பட்டாச்சு" என்று வீட்டுக்கு வீடு விளக்கு ஏற்றுவார்கள்.

வீதி முனைக்கு வந்ததும் சாமி நிற்கும். நாயனக்காரர் ஒரு ராகத்தை எடுப்பார். கால் மணி, அரை மணி, ஒரு மணி. ஜனங்கள் திண்ணையிலும் தரையிலும் உட்கார்ந்து விடுவார்கள். பிறகு அடுத்த முனை, அடுத்த ராகம். நாலு வீதி சுற்றி வருவதற்குள் கோழி கூவிவிடும்.

இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட, "இது தோடி", "இது காம்போதி" என்று சொல்லி விடுவார்கள். யாரும் பாடம் நடத்தவில்லை. வருடா வருடம் கேட்டதே பாடம். பக்கத்து வீட்டுக்காரரின் குரலைக் கேட்டு ஆளைக் கண்டு கொள்கிறோமே, அதுபோலத்தான் இதுவும்.

நாயனம் ஆச்சா மரத்தில் செய்வது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரக் கட்டையைத் தேடி வாங்குவார்கள். நன்றாகக் காய்ந்த மரத்தில்தான் நாதம் சுத்தமாக வரும். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை இதற்குப் பேர் போன ஊர். 2022-ம் ஆண்டு அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த மரத்தைப் பேச வைத்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அவர் தோடி வாசிக்கிறார் என்றால், பத்து மைல் தூரத்தில் இருந்து மாட்டு வண்டி கட்டிக் கொண்டு வருவார்கள். வண்டி இல்லாதவர்கள் நடந்து வருவார்கள்.

முன்பெல்லாம் நாயனக்காரர் சட்டை போடக் கூடாது, பெரிய மனிதர்கள் முன்னே நின்று கொண்டுதான் வாசிக்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. ராஜரத்தினம் அதை மதிக்கவில்லை. பட்டுச் சட்டை போட்டார். கிராப்பு வைத்தார். மேடையில் கம்பீரமாக உட்கார்ந்து வாசித்தார். வாய்ப்பாட்டுக்காரருக்கு உள்ள மரியாதை நாயனக்காரருக்கும் வேண்டும் என்றார். கிடைத்தது.

நம் பெரியவர் தேரடியில் உட்கார்ந்து கேட்டவர். ஆனால் தேர் ஓடும் தெருவில் நிற்கவே முடியாதவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் வயல் வரப்பில் நின்று, காற்றில் வந்ததைக் கேட்டுக் கொண்டார்கள். நாயனம் உரத்த வாத்தியம். அதனால்தான் அவர்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது.

1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, மதுரை அ.வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் அழைத்துச் சென்றார். பிறகு 1947-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. கோவில் கதவு திறந்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதோடு பாட்டுக்கும் கதவு திறந்தது என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

தொண்டைதான் மைக்!

மைக் வராத காலத்தில் வாய்ப்பாட்டுக்காரரின் பாடு திண்டாட்டம்.

ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். ஆகவே உச்சக் குரலில் பாடினார்கள். நாடக மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பா ஐந்து கட்டைச் சுருதிக்கும் மேலே பாடுவார். கொட்டகைக்கு வெளியே நிற்பவர்களும் தலையாட்டுவார்கள். அவர் 27 வயதில், 1933-ல் இறந்து போனார். அவருடைய மனைவி கே.பி.சுந்தராம்பாளின் குரலும் அப்படியே. செம்பை வைத்தியநாத பாகவதரின் குரலோ, வெண்கல மணி!

குரல் சிறியதாக இருந்தால்?

வீணை தனம்மாளைச் சொல்லலாம் (1867-1938). சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீடு. வெள்ளிக்கிழமை மாலையில் வீணை வாசிப்பார். மெல்லிய நாதம். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். யாரும் இருமக் கூடாது, பேசக் கூடாது. பெரிய பெரிய வித்துவான்கள் எல்லாம் அந்தச் சிறிய கூடத்தில் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்து கேட்டார்கள். அருமையான சங்கீதம்தான். ஆனால் கூடத்தில் இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும்.

1930-களில் மைக் வந்தது. சுருதி கீழே இறங்கியது. மெல்லிய குரலிலும் குழைத்துப் பாடலாம் என்று ஆயிற்று. "சங்கீதம் கெட்டது" என்று பலர் குறைப்பட்டார்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக் வேண்டாம் என்று வாதாடியவர். மிருதங்கத்தின் இயற்கையான நாதத்தை மைக் மாற்றி விடுகிறது என்பது அவருடைய கட்சி.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. இன்று சில மண்டபங்களில் மைக் அலறுவதைக் கேட்டால், காதைப் பொத்திக் கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் தெருவில் நின்றவனைக் கேளுங்கள். அவன் வேறு விதமாகச் சொல்வான். பாட்டைச் சுவருக்கு வெளியே கொண்டு வந்து அவனிடம் சேர்த்தது அந்த மைக்தான்!

காவேரி மணலில் ஐந்து பாட்டு

திருவையாற்றில் 1847-ம் ஆண்டு தியாகராஜ சுவாமி மறைந்தார். அவருக்கு ஆண்டு தோறும் ஜனவரி மாத வாக்கில் ஆராதனை நடக்கிறது. டிக்கெட் கிடையாது. காவேரிக் கரையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பேர் பெற்ற வித்துவான்களும் நேற்றுப் பாட்டுக் கற்ற பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து, அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் ஒரே குரலாகப் பாடுவார்கள்.

இளவயதில் நம் பெரியவர் கும்பகோணத்தில் இருந்து நண்பர்களோடு அங்கே போவார். கட்டுச் சோறு கையில். இரவு மணலிலேயே படுக்கை.

அந்தச் சமாதிக்குக் கட்டடம் எழுப்பியது ஒரு பெண்மணி. பெங்களூர் நாகரத்தினம்மாள். 1920-களில் தன் சொத்தையும் நகையையும் செலவழித்துக் கட்டினார். ஆனால் அங்கே பெண்கள் பாட அனுமதி இல்லை! கட்டியவருக்கே இடம் இல்லை!

அவர் சும்மா இருக்கவில்லை. பெண்களைச் சேர்த்துக் கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில் கட்சிகள் ஒன்றாயின. பெண்களும் பாடினார்கள். 1952-ல் அந்த அம்மையார் காலமானார். அவருடைய சமாதியும் தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே இருக்கிறது.

பாடுவது மட்டும் அல்ல. கேட்பதும் பெண்களுக்கு எளிதாக இருக்கவில்லை. சபாக்களில் பெண்களுக்குத் தனி இடம் போடுவார்கள். பகல் வேலையை முடித்து, இரவுச் சமையலையும் முடித்து, குழந்தையைத் தூங்க வைத்து விட்டு வருவதற்குள் பாதிக் கச்சேரி போய்விடும். வீட்டில் ஆண் பிள்ளை 1,400 கச்சேரி கேட்டிருந்தால், அதே வீட்டுப் பெண் நூறு கேட்டிருப்பாளா என்பது சந்தேகமே. எம்.எஸ்.சுப்புலட்சுமி, டி.கே.பட்டம்மாள், எம்.எல்.வசந்தகுமாரி மூவரும் மேடை ஏறிய பிறகுதான், "நாமும் போகலாம்" என்ற துணிச்சல் பல வீடுகளில் வந்தது.

பார்க்கில் பாடிய ரேடியோ

1950-களின் தொடக்கத்தில் நம் பெரியவர் பிழைப்புக்காகச் சென்னைக்கு வருகிறார். மளிகைக் கடையில் கணக்கு எழுதும் வேலை. சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும்.

சென்னையில் சபாக்களுக்குக் குறைவில்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா பழம்பெரும் சபா. 1927-ல் காங்கிரஸ் மகாநாட்டோடு நடந்த சங்கீத மகாநாட்டின் பலனாக, 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. மார்கழி வந்தால் ஊரே பாட்டு மயம். ஆனால் உள்ளே போகக் காசு வேண்டுமே!

காசு இல்லாதவருக்கு ரேடியோ இருந்தது. 1930-லேயே சென்னை மாநகராட்சி ரேடியோ ஒலிபரப்புத் தொடங்கியது. 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் அப்போது மிகச் சிலர். ஆகவே மாநகராட்சிப் பூங்காக்களில் ஒலிபெருக்கி கட்டி வைத்தார்கள். மாலையில் கடலைப் பொட்டலத்தோடு புல்தரையில் உட்கார்ந்தால், செம்மங்குடியும் அரியக்குடியும் இலவசமாக வந்து பாடுவார்கள்!

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) பெயரைச் சொல்லாமல் கச்சேரியைப் பற்றிப் பேச முடியாது. முன்பு கச்சேரி என்றால் நாலு மணி, ஐந்து மணி நேரம். பெரும் பகுதி பல்லவிக்கே போய்விடும். பாமரனுக்குக் கொட்டாவி வரும். அவர்தான் வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்னக் கீர்த்தனைகள், நடுவில் ஒரு பெரிய உருப்படி, பிறகு பல்லவி, கடைசியில் துக்கடாக்கள் என்று வகை செய்தார். விருந்து இலையில் பரிமாறுவது போலத்தான்! இன்றைக்கும் வித்துவான்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் பாடுகிறார்கள்.

நடுவில் மிருதங்கக்காரர் "தனி" வாசிப்பார். உடனே பலர் எழுந்து காப்பி குடிக்கப் போவார்கள். இது அந்தக் காலத்திலும் இருந்தது. இந்தக் காலத்திலும் இருக்கிறது. நல்ல பழக்கம் அல்ல.

இன்னொரு குறை மொழி. அந்தக் காலத்தில் கச்சேரியில் பெரும்பாலும் தெலுங்குப் பாட்டுத்தான். தமிழ்ப் பாட்டு கடைசியில் கொஞ்சம் வரும். "நமக்குப் புரிகிற பாட்டை ஏன் பாடக் கூடாது?" என்ற கேள்வி எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன் நின்றார். கல்கி எழுதினார். எதிர்ப்பும் பலமாக இருந்தது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. 1952-ல் அண்ணாமலை மன்றம் எழுந்தது. தண்டபாணி தேசிகர் தேவாரம் பாடினால், பூங்காவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

ரிக்‌ஷாக்காரர் கேட்ட நோட்டு

ரேடியோ நல்லதுதான். ஆனால் ரேடியோவில் முகம் தெரியாதே!

கோவில் உற்சவங்களிலும் கல்யாண வீடுகளிலும் பந்தல் கச்சேரி நடக்கும். அங்கே காசு கேட்க மாட்டார்கள். கல்யாணப் பந்தலுக்கு வெளியே, அழைப்பு இல்லாத நூறு பேர் நின்று கேட்பது சாதாரணம். மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபத்தில் ராமநவமிக் கச்சேரி நடந்தால், தெருவெல்லாம் தலை.

மதுரை மணி ஐயர் (1912-1968) பாடினால் ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டி விட்டு நின்று விடுவார்கள் என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள். அவர்கள் காத்திருந்தது "இங்கிலீஷ் நோட்டு"க்காக. அது பேண்டு வாத்திய மெட்டில் அமைந்த துக்கடா. வார்த்தை கிடையாது. வெறும் ஸ்வரங்கள். மணி ஐயர் அதைப் பாடினால், குதிரை குதித்து ஓடுவது போல இருக்கும். அது முடிந்த பிறகுதான் சவாரி!

மதுரை சோமு (1919-1989) வேறு ரகம். கோவில் திருவிழாவில் பாட உட்கார்ந்தால், நள்ளிரவு தாண்டியும் எழுந்திருக்க மாட்டார். ஜனங்களும் எழுந்திருக்க மாட்டார்கள். உருகி உருகிப் பாடுவார். 1972-ல் "தெய்வம்" படத்தில் பாடிய பிறகு, சங்கீதமே தெரியாது என்று சொல்லிக் கொண்டவர்களும் அவருடைய கச்சேரிக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு அவர் ராகமும் பாடினார். பாதிப் பேர் ரசிகர்களாகத் திரும்பிப் போனார்கள்.

குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினும், வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலும் சேர்ந்த கச்சேரியும் அப்படித்தான். வயலினோடு தவிலா என்று சபாவில் சிலர் முகம் சுளித்தார்கள். திருவிழாக் கூட்டம் கை தட்டியது.

பிறகு டேப் ரெக்கார்டர் வந்தது. கேசட் வந்தது. டெலிவிஷன் வந்தது. இப்போது செல்போனிலேயே எல்லாம் இருக்கிறது. செத்துப் போன வித்துவான் கூப்பிட்ட நேரத்தில் பாடுகிறார். 2020-ம் ஆண்டு மார்கழியில், கொரோனா காரணமாகச் சபாக்கள் கச்சேரியை இணையத்தில் நடத்தின. வீட்டில் நாற்காலி போட்டுக் கேட்டார்கள். நல்ல சவுகரியம். ஆனால் பக்கத்தில் "சபாஷ்" போட ஆள் இல்லை. ரசிகர்களுக்கு அது உப்பில்லாத சாப்பாடாக இருந்தது.

சுவர் இன்னும் முழுவதும் போய்விடவில்லை. பணம் ஒரு சுவர், பழக்கம் இன்னொரு சுவர். மீனவர் குப்பத்தில் இருந்து சபாவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? அதனால் 2015-ம் ஆண்டு பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் நண்பர்களும் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில், கடற்கரை ஓரமாகவே விழா நடத்தினார்கள். கர்நாடக சங்கீதமும் நாட்டுப்புறக் கலைகளும் ஒரே மேடையில். டிக்கெட் இல்லை. குப்பத்துப் பிள்ளைகள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். இது சங்கீதத்துக்கு அவசியமா என்று கேட்டவர்களும் உண்டு. எழுபது வருஷம் வெளியே நின்று கேட்டவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், பதில் தெரிந்துவிடும்.

காது என்ன செய்கிறது?

நம் பெரியவருக்கு இன்று வயது தொண்ணூறுக்கு மேல். முட்டி வலி இருக்கிறது. படி ஏற முடியவில்லை. அதையெல்லாம் பொறுத்துக் கொள்ளலாம். காதுதான் பெரிய கவலை.

வயதானால் முதலில் மங்குவது மேல் சுருதி ஓசைகள். புல்லாங்குழலின் மேல் ஸ்தாயி மறைகிறது. தம்புராவின் ரீங்காரம் தேய்கிறது. பாட்டுக் கேட்கும். ஆனால் சாகித்தியம் தெளிவாக இராது.

காதுக் கருவி வைத்துக் கொண்டால்? பேச்சு நன்றாகக் கேட்கும். ஆனால் கச்சேரிக்குப் போனால் பாட்டு நடுங்குகிறது, கோணுகிறது. "கருவி கெட்டுவிட்டது" என்று பலர் கழற்றிப் பையில் போட்டு விடுகிறார்கள்.

கருவி கெடவில்லை. அது மனிதர் பேச்சுக்காகச் செய்த கருவி. பெரிய சத்தத்தை அடக்கும். சின்னச் சத்தத்தைத் தூக்கும். சங்கீதத்தின் ஏற்ற இறக்கம் அதில் தட்டையாகி விடுகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கருவிக்குள்ளேயே சில சமயம் "கீச்" என்று விசில் கிளம்பும். அதை அடக்க ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரே சீராக நீளும் குழல் நாதத்தை, அது விசில் என்று நினைத்து அமுக்கப் பார்க்கிறது!

இதற்கு வழி இருக்கிறது. பல கருவிகளில் பாட்டுக் கேட்பதற்கென்று தனி அமைப்பு உண்டு. கேட்டால்தான் வைத்துத் தருவார்கள். காது பரிசோதனை செய்கிறவரிடம், "நான் கச்சேரிக்குப் போகிறவன்" என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும். செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, அங்கேயே சரி பார்த்துக் கொள்ளலாம்.

மார்கழியில் சென்னைச் சபாக்கள் பலவற்றில், பகல் நேரக் கச்சேரிகளுக்கு டிக்கெட் இல்லை. இளம் பிள்ளைகள் பாடுகிறார்கள். முன் வரிசையில் பெரும்பாலும் நரைத்த தலைகள்தான். கூட்டம் குறைவாக இருப்பதால், ஒலிபெருக்கிப் பெட்டிக்குத் தள்ளி, மேடைக்கு நேர் எதிரே இடம் கிடைக்கும். காதுக் கருவி வைத்தவர்களுக்கு அதுதான் வசதியான இடம். சபாக்காரர்கள் அந்த இரண்டு வரிசைகளைப் பெரியவர்களுக்கென்று ஒதுக்கி, வாசலில் ஒரு சாய்வுப் பாதையும் போட்டு வைத்தால், செலவு அதிகம் ஆகாது.